வெளுத்துப்போன அச்சுத் தளம்

பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தோட்டத்து வீட்டில், வாசலிலிருந்து கிணற்றடி வரை, கருங்கல் பாவியது போன்ற அச்சு பதித்த கான்கிரீட் நடைபாதை போட்டோம். ஆடிச் சாரலில் ஈரம் வற்றுமுன்பே சீலர் என்னும் பாதுகாப்புப் பூச்சைப் பூசிவிட்டதால், அச்சின் பள்ளங்களில் பால் சிந்தியது போல வெண்மை படர்ந்தது.

உப்புப் பூத்ததென்று எண்ணித் தேய்த்துக் கழுவியது வீணாயிற்று. கரைப்பான் வகை அக்ரிலிக் சீலர் என்பதால், அதை இளக்கும் சைலீன் என்ற கரைப்பானைத் துணியில் தொட்டு ஒரு மூலையில் துடைத்தேன்; உள்ளங்கையளவு இடம் மட்டும் பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. வெயில் கண்ட சில நாட்களுக்குப் பின், தரை சூடேறாத காலையில், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, நெருப்பை அண்டவிடாமல், முழுப் பாதைக்கும் சைலீனை ரோலரால் பூசினேன். பழைய பூச்சு இளகி, சிக்கியிருந்த ஈரம் வெளியேறியது.

கான்கிரீட்டுக்கு 28 நாட்கள் கடந்த பிறகே மறுபூச்சு, அதுவும் மெல்லியதாக. அம்மா வழுக்காமல் நடப்பதற்காக அதில் நுண்மணல் சேர்த்தேன்.