ஆற்றோரச் சரளைப் பாதையில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாகனங்கள் வராத சரளைப் பாதையில், ஆற்றின் போக்கை ஒட்டியும் குன்றுகளின் மேல் ஏறி இறங்கியும் நாள் முழுவதும் சைக்கிள் ஓட்டுவது பேரின்பம். ஆனால் இத்தகைய பயணங்களில் நேரும் தொல்லைகளில் பல, பெடலில் கால் வைப்பதற்கு முன்பே, வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிடும்போதே தொடங்கிவிடுகின்றன. தார்ச்சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே செல்லுபடியாகும் கணக்குகளை அப்படியே சரளைக்குப் பயன்படுத்துவதுதான் இதற்கு முதற்காரணம்.

தார்ச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் ஓட்டுபவர், தளர்ந்த சரளையும் ஏற்றமும் கலந்த பாதையில் 15 முதல் 18 கிலோமீட்டர் சென்றாலே அது நல்ல வேகம். நான்கு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் என்று போட்ட திட்டம் ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். அதற்குள் தண்ணீரும் உணவும் தீர்ந்திருக்கும். சிறு குன்றுகளைப் பொருட்படுத்தாமல் விடுவது இதனினும் பெரிய தவறு. ஒவ்வொன்றும் 60 மீட்டரே உயரமுள்ள 20 குன்றுகளைக் கடந்தால் மொத்த ஏற்றம் 1,200 மீட்டராகிவிடும். ஒரு பெரிய மலைக்கணவாயை ஏறிய உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தைவிட மொத்த ஏற்றத்தை முதலில் பார்ப்பதே சரியான வழக்கம் என்பது என் கருத்து.

பழைய ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக மாற்றிய இடங்களில் வேறொரு விதமாக ஏமாற வாய்ப்புண்டு. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு என்பதால், அத்தடங்கள் செங்குத்தாக ஏறாதபடி அமைக்கப்பட்டன. சரிவு பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள்ளேயே இருக்கும். அது எளிது என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் சுமார் 240 கிலோமீட்டர் நீளும் ‘கிரேட் அலகேனி பேசேஜ்’ பாதையில், கம்பர்லேண்ட் நகரிலிருந்து, மழைநீர் இரு பக்கமும் பிரிந்தோடும் நீர்பிரி மேட்டை அடைய ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொடர்ந்து ஏறவேண்டும். நடுவில் இறக்கம் வந்து கால்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்று எண்ணித் தொடக்கத்திலேயே வேகமாக மிதிப்பவர், பாதி வழியிலேயே களைத்துப்போவார்.

காற்றைப் பலரும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. வானம் தெளிவாக உள்ள நாட்களில் வெயிலால் சரிவுகள் சூடாகி, பிற்பகலில் காற்று பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கி வீசும். இரவில் குளிர்ந்து கனத்த காற்று கீழ்நோக்கி இறங்கும். எனவே காலையில் ஆற்றை எதிர்த்து ஏறிவிட்டு, பிற்பகலில் நீரோட்டத்தின் திசையில் சுகமாக இறங்கி வரலாம் என்று திட்டமிடுபவர், சரிவு சாதகமாக இருந்தும் எதிர்க்காற்றோடு போராட நேரிடும். வட்டப் பாதையாக இருந்தால், காலையில் ஆற்றோரமாகக் கீழே சென்று, பிற்பகலில் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேலே திரும்புவது நல்லது. குளிரிலும் ஒளியிலும்கூடப் பள்ளத்தாக்குக்குத் தனி இயல்பு உண்டு. குளிர்ந்த காற்று அடியில் தேங்குவதால் அதிகாலையில் குன்றின் மேலே இருப்பதைவிட ஆற்றோரத்தில் குளிரும் மூடுபனியும் அதிகமாக இருக்கக்கூடும். மாலையில் குன்றுகள் மறைப்பதால் வெளிச்சமும் சீக்கிரமே குறையும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையும் விளக்கும் இல்லாமல் கிளம்பக்கூடாது.

வரைபடத்தில் ஒரு கோடு இருப்பதாலேயே அங்கே ஓட்டத்தக்க பாதை இருப்பதாக நம்பிவிடக் கூடாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மண்சாலைகளின் உறுதி ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்துக் குறிக்கப்படுகிறது: முதல் தரம் கெட்டித்த தளம், ஐந்தாம் தரம் பெரும்பாலும் வெறும் மண்ணும் புல்லும். இந்தக் குறிப்பையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம். ஆற்றோரப் பாதை என்றால் அண்மையில் வெள்ளம் வந்ததா என்றும் விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் மிசௌரி ஆற்றை ஒட்டிச் செல்லும் ‘கேட்டி’ பாதையின் பெரும்பகுதி 1993-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சேதமடைந்தது. அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டியதில்லை. ஒரு சிறு ஓடையின் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தாலே, வந்த வழியில் பல கிலோமீட்டர் திரும்ப நேரிடும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிச் சமிக்ஞை அடிக்கடி துண்டிக்கப்படுவதால், மாற்று வழிகளையும் சேர்த்து வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருப்பது அவசியம்.

டயரில் காற்றை அதிகமாக அடைப்பதுதான் புதியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. இறுக்கமான டயர் வேகமாக உருளும் என்பது வழவழப்பான தளத்துக்கே பொருந்தும். சரளையில் அது ஒவ்வொரு கல்லின் மீதும் துள்ளுகிறது. அந்தத் துள்ளலில் முன்செல்லும் ஆற்றல் வீணாகிறது, பிடிமானம் குறைகிறது, கைகளும் முதுகும் வலிக்கின்றன. ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டியூப்லெஸ் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை வைத்துத் தொடங்கலாம். பின்சக்கரத்தில் எடை கூடுதலாக விழுவதால் அதில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ அதிகமாக இருக்கட்டும். டியூப் போட்டிருந்தால் சற்றுக் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் தரைக்கும் இடையே டியூப் நசுங்கி, இரண்டு துளைகளோடு பஞ்சராகும். காற்றை அளவுக்கு மீறிக் குறைப்பதும் தவறே: திருப்பத்தில் டயர் வளைந்து நெளியும், ரிம் கல்லில் இடிக்கும். இந்த வரம்புக்குள் ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற அளவைச் சோதித்து அறிவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்லின் வகையையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் 2006 முதல் புகழ்பெற்ற நெடுந்தூரச் சரளைப் போட்டி ஒன்று நடந்துவருகிறது. அங்குள்ள சிக்கிமுக்கிக் கற்களின் கூரிய விளிம்புகள் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடுவதால், எடை கூடினாலும் பரவாயில்லை என்று பக்கச்சுவர் வலுவான டயர்களையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தகைய கிழிசலை டயருக்குள் ஊற்றும் சீலன்ட் அடைக்காது. மேலும் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். அதைப் பார்க்காமலேயே டியூப்லெஸ் டயரை நம்பிக் கிளம்புவது வீண் துணிச்சல். துளையில் செருகும் ரப்பர்த் துண்டுகள், ஒரு மாற்று டியூப், கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு தடித்த ஒட்டு, பம்ப், செயினை இணைக்கும் கண்ணி ஆகிய ஐந்தும் எப்போதும் உடனிருக்க வேண்டும். பின் கியர் மாற்றியைச் சட்டகத்தோடு இணைக்கும் ஹேங்கர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வண்டிக்கு வண்டி மாறுபடுவதால் வழியில் கிடைப்பது அரிது. வாகனங்கள் வராத பாதையில், கைகாட்டி நிறுத்தி உதவி கேட்கவும் ஒருவரும் வரமாட்டார்கள்.

தளர்ந்த சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழன்று வழுக்கும். சீட்டின் முன்விளிம்புக்கு நகர்ந்து, மார்பைச் சற்றுத் தாழ்த்தி, இலகுவான கியரில் சீராக மிதிக்க வேண்டும். அதற்கு முன்பல்சக்கரத்தைவிடப் பெரிய பின்பல்சக்கரம் ஒன்றாவது வண்டியில் இருப்பது நல்லது. இறக்கத்தில் நேரும் விபத்துகளுக்கு முக்கியக் காரணம், திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கைப் பிடிப்பதுதான். சாய்ந்திருக்கும் முன்சக்கரம் சரளையில் ஒருமுறை வழுக்கினால் அதை மீட்பது கடினம். பாதை நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விடுவித்துத் திரும்ப வேண்டும். ஹேண்டிலையும் இறுக்கிப் பிடிக்காமல் முழங்கைகளைத் தளர்வாக வைத்திருக்க வேண்டும்.

ஆறு அருகிலேயே ஓடுகிறது என்பதற்காகக் குடிநீரைக் குறைவாக எடுத்துச் செல்லக்கூடாது. மேல்பகுதியில் கால்நடைகள் மேயும் ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வடிகட்டியோ கொதிக்க வைத்தோ கிருமி நீக்காமல் குடிக்கத்தக்கதன்று. மிதமான வெப்பத்தில் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தேவைப்படும். பசிக்கும்வரை காத்திருக்காமல், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்துக் கிடைக்கும்படி சிறிது சிறிதாகச் சாப்பிட்டுவர வேண்டும்.

வாகனம் இல்லாத பாதை ஆளில்லாத பாதை ஆகிவிடாது. நடப்பவர்கள், குழந்தைகள், குதிரை மீது வருபவர்கள், தம் நிலத்துக்குச் செல்லும் விவசாயிகள் என எல்லோருக்கும் அது பொதுவானது. பின்னாலிருந்து ஓசையின்றி விரைந்து கடப்பது குதிரையை மிரளச் செய்யும். தொலைவிலேயே குரல் கொடுத்து, நடைவேகத்துக்கு இறங்கிக் கடக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தின் கதவு மூடியிருந்தால் மூடியே விட்டுச் செல்ல வேண்டும், திறந்திருந்தால் திறந்தே விடவேண்டும். பாதை தார்ச்சாலையைக் குறுக்கிடும் இடங்களில் கூடுதல் விழிப்பு தேவை. மணிக்கணக்கில் வாகனமே காணாமல் வந்த கண், அங்கே இரு பக்கமும் பார்க்கத் தவறிவிடும். தொடர்மழைக்குப் பிறகு பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பிய பாதைகள் ஊறி இளகியிருக்கும். அவற்றில் ஓட்டினால் சக்கரத்தடங்கள் ஆழமாகப் பதிந்து, காய்ந்தபின் அடுத்து வருபவர்களுக்கு இடையூறாகும். ஆகவே ஓரிரு நாள் பொறுத்துச் செல்வதே முறை.