ஊர்ப் பிரச்சினையை வைத்துக் கணினி சொல்லித் தருகிறீர்களா? நான் சறுக்கிய இடங்கள்

பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும், மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் இன்னும் சொல்வோம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். சனிக்கிழமை காலையில் இடைநிலைப் பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு அடிப்படைக் கணினி சொல்லித் தருகிறேன். கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் செய்யும் ஸ்கிராட்சில் ஆரம்பித்து, வரி வரியாக நிரல் எழுதும் பைத்தானுக்குப் போவோம். வாய்ப்பாடு அச்சிடும் நிரலைவிட, தெருவில் பார்க்கும் பிரச்சினையை எடுத்துச் செய்யச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதற்காக எதையாவது எடுத்துக் கொடுத்துவிட முடியாது.

முதலில் நான் கொடுத்த தலைப்புகள் "வறுமை", "குடிப்பழக்கம்". வந்தவை எல்லாம் சிலைடுகள். சோகப் படம், பின்னணியில் புல்லாங்குழல். மதிப்பைச் சேமித்து வைக்கும் ஒரு மாறி இல்லை, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்னும் ஒரு நிபந்தனை இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அந்தத் தலைப்பில் கணினிக்கு வேலையே வைக்கவில்லை நான். இப்போது தலைகீழாகப் போகிறேன். இந்த வாரம் எதைச் சொல்லித் தர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதான பிரச்சினையை ஊரில் தேடுகிறேன்.

நிபந்தனைக்கு டிங்கிக் (டெங்கு) காய்ச்சல் கிடைத்தது. ஏடிஸ் கொசு முட்டை பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அதனால்தான் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டச் சொல்கிறார்கள். வாளி, பூச்சட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, கடைசியாகக் கொட்டி எத்தனை நாள் ஆனது என்று பார்த்து எச்சரிக்கும் சின்ன நிரல். பாதிப் பேர் > 7 என்று எழுதினார்கள். அது எட்டாம் நாள்தான் கத்தும். >= 7 என்று எழுதியிருந்தால் ஏழாம் நாளே சொல்லியிருக்கும். பாடநூலில் எத்தனை முறை படித்தும் ஏறாத வித்தியாசம் அன்று ஏறியது.

அடுத்த சறுக்கல், சொந்த ஊர்த் தகவலை வைத்துச் சோதிக்காமல் விடுவது. பதிவுப் படிவம் ஒன்று செய்தோம். பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டுமே வரலாம் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். மாதிரிப் பெயர்களுக்கு நன்றாக ஓடியது. பிறகு தன் பெயரைப் போட்டுப் பார்த்தான். இன்னாரின் மகன் என்று காட்ட எங்கள் பெயர்களில் வரும் ஏ/எல் என்பதில் உள்ள சாய்கோட்டை ஏற்காமல் "தவறான பெயர்" என்றது. தன் பெயரையே தவறென்று சொல்லும் நிரலைத் தானே எழுதிவிட்டோம் என்று அவனுக்கே சிரிப்பு.

ஐசி எனும் அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, அதிலும் ஆண்டுதான் முதலில். 2005-இல் பிறந்த அண்ணனின் எண் 0-வில் தொடங்கும். முழு எண்ணாக மாற்றிச் சேமித்தால் அந்த 0 காணாமல் போய் 11 இலக்கம் ஆகிவிடும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண் இல்லை, எழுத்துச் சரம். இதை நான் சொல்வதைவிட அண்ணனின் தொலைந்த 0 நன்றாகச் சொன்னது.

ஆனால் இதே பாடத்தில்தான் பெரிய தவறும் செய்தேன். வீட்டார் ஐசி விவரங்களை எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை மூன்று வாரம் "மறந்துட்டேன்" என்றது. நான் கடிந்துகொண்டேன். அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் நீல அட்டை, அதாவது குடிமக்களுக்கான ஐசி, இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. தோட்டப்புறத்தில் இது நான் முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம். அன்றிலிருந்து கற்பனை எண்கள்தான். சம்பளம், கடன், குடி பற்றிய கருத்துக்கணிப்பும் கிடையாது.

செயலி ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். குப்பை வண்டி வரும் நேரம் சொல்லும் செயலி என்றார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். பாட்டியிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி.

மதிப்பெண் போடும்போது வண்ணத்தில் மயங்கிவிடுவேன், இதுவும் என் பழக்கம்தான். இப்போது நிரலில் ஒரு வரியைக் காட்டி ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்கிறேன். >= ஏன் என்றால், "இல்லன்னா கொசு பறந்துடும் சார்" என்று பதில் வரும். மொத்த மதிப்பெண்ணில் பாதி அந்தப் பதிலுக்கே.