கொட்டில்ல கிடக்கிற பழைய லேண்ட்மாஸ்டரை வயலுக்கு இறக்கிறது எப்படி

பெயின்ட் கடைசி வேலை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில இருந்து பழைய கை மெசினைக் கொண்டுவாறவங்க முதல்ல கேக்கிறது நிறத்தைப் பத்தித்தான். நான் முதல்ல பாக்கிறது கியர்ப்பெட்டி ஒயிலை. சேத்து வயல்ல உழுத மெசினைக் கொல்லுறது எஞ்சினைவிட, சில்லு அச்சு வழியா உள்ள போற தண்ணிதான்.

1950களில நம்ம இலங்கை எஞ்சினியர் ரே விஜேவர்தன வடிவமைச்ச இரண்டு சில்லு உழவு மெசின்தான் லேண்ட்மாஸ்டர். அந்தப் பேரில இப்ப வீடுகள்ல கிடக்கிறது பெரும்பாலும் அதுக்குப் பிறகு வந்த ஜப்பான் டீசல் மெசினுகள், படுத்த ஒற்றைச் சிலிண்டர். இந்தக் குறிப்பு அதுக்குத்தான்.

எஞ்சின் இறுகியிருந்தா சம்மட்டி எடுக்காதீங்க, இன்னொரு வாகனத்தில கட்டி இழுக்கவும் வேணாம். பெல்ட்டைக் கழட்டி, டீசலை உள்ள பீச்சுற நொசிலையும் கழட்டுங்க. அந்த ஓட்டையால டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து கொஞ்சம் விட்டு, சில நாள் ஊற விடுங்க. பிறகு பிளைவீலை முன்னுக்கும் பின்னுக்கும் சின்னதா ஆட்டிப் பாருங்க. அசைஞ்சா, நொசிலைப் பூட்ட முதல் பல தடவை சுத்தி உள்ள நிக்கிறதையெல்லாம் வெளியில தள்ளிடுங்க. திரவம் அமுங்காது. அப்படியே பூட்டி ஸ்டார்ட் பண்ணினா கனெக்டிங் ரொட் வளைஞ்சிடும்.

டாங்கியைக் கழட்டிக் கழுவுங்க, பில்டரை மாத்துங்க. டீசல் குழாய்கள்ல நிக்கிற காத்தை எடுக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு: முதல்ல பில்டர், பிறகு பம்ப், கடைசியா நொசில் குழாய். ஒவ்வொரு இடத்திலயும் குமிழி நிக்கும்வரை விடுங்க. நொசில் பீச்சுற இடத்துக்கு முன்னால கை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும்.

இனி சீல், அதாவது அச்சைச் சுத்தி ஒயிலை உள்ளயும் தண்ணியை வெளியிலயும் நிப்பாட்டுற றப்பர் வளையம். இதுக்கு நேரம் செலவழிங்க. கியர்ப்பெட்டி ஒயிலை வடிக்கேக்க பால்தேத்தண்ணி நிறத்தில வந்தா தண்ணி கலந்திருக்கு. கடையில புதுச் சீல் வாங்கிப் பூட்டிட்டுப் போறவங்க, சில நாள் உழவுக்குப் பிறகு திரும்ப வருவாங்க. சீலில பிழை இல்ல. பழைய சீலோட உதடு உரசின இடத்தில, இடையில புகுந்த மணல் அச்சையே தேச்சிருக்கும். துடைச்சுப்போட்டு நகத்தை அச்சு நெடுக இழுத்துப் பாருங்க. நகம் தடக்கினா பள்ளம் இருக்கு. அந்தப் பள்ளத்தில எந்தப் புதுச் சீலும் நிக்காது.

பள்ளம் மெல்லிசா இருந்தா, சீல் உக்காருற குழிக்குள்ள இடமும் இருந்தா, சீலைப் பழைய இடத்திலிருந்து இரண்டு மூண்டு மில்லிமீற்றர் தள்ளி அடிங்க. உதடு தேயாத இடத்தில உக்காரும். ஆழமா இருந்தா லேத்துக்குக் கொண்டுபோய், தேஞ்ச இடத்தைக் கடைஞ்சு மெல்லிய புஷ் (இரும்பு வளையம்) ஏத்தச் சொல்லுங்க. செலவுதான், ஆனா பெயரிங்கும் பல்சக்கரமும் போறதோட பாத்தா அது பெரிசில்ல. அச்சில ஆட்டம் இருந்தா பெயரிங்கையும் சேர்த்து மாத்துங்க, ஆடுற அச்சில சீல் தங்காது. பூட்டேக்க உதட்டில கிறீஸ் தடவுங்க. சீலைச் சுத்தி ஒரே அளவா, மரக்கட்டை வச்சு அடிங்க.

எஞ்சின் தண்ணித் தொட்டிக்கு மழைத் தண்ணி நல்லம். வாவியோரக் கிணத்து உவர்த்தண்ணி உள்ள பொருக்குக் கட்டி, துருவையும் கொண்டுவரும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு ஆளைப் பக்கத்தில வச்சிருங்க. காத்து இழுக்கிற வாயை அடைக்க ஒரு தட்டைப் பலகை அவர் கையில இருக்கட்டும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற பம்ப் ராக் இறுகிக் கிடந்து எஞ்சின் கட்டுப்பாடில்லாமப் பறந்தா, டீசலை நிப்பாட்டினாலும் குழாயில மிச்சம் இருக்கும். காத்தை அடைச்சாத்தான் நிக்கும். பிடியைச் சுத்தேக்க பெருவிரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வைங்க. எதிர்ப்பக்கம் உதைச்சா பெருவிரல் தப்பும்.

பெரும்போக உழவு தொடங்க முதலே சும்மா கிடக்கிற வயல்ல ஒருநாள் ஓட்டிப் பாருங்க. பின்னேரம் சில்லைக் கழுவி, அச்சடியில ஒயில் கசிவு தெரியுதா எண்டு பாருங்க. அடுத்தநாள் காலையில ஸ்டார்ட் பண்ண முதல் கியர்ப்பெட்டி அடி நட்டைக் கொஞ்சம் இளக்குங்க. தண்ணி இருந்தா ஒயிலுக்கு முதல் அதுதான் சொட்டும்.