டேட்டாஷீட் ஒன்று சொல்ல, ஸ்கீமாட்டிக் வேறொன்று காட்டினால்: ரிசர்வ்டு பின்களில் நடக்கும் தவறுகள்

ஒரு சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டில், அதன் கால்களை (பின்களை) பட்டியலிடும் அட்டவணையில், ஒரு பின்னுக்கு ‘ரிசர்வ்டு (தயாரிப்பாளருக்கு ஒதுக்கியது), இணைக்க வேண்டாம்’ என்று இருக்கும். அதே நிறுவனம் தந்த ரெஃபரன்ஸ் ஸ்கீமாட்டிக்கிலோ (மாதிரிச் சுற்றுப் படம்) அந்தப் பின் கிரவுண்டில் போய் நிற்கும். போர்டு வரைகிற எல்லோரும் ஒரு நாள் இதில் மாட்டுவார்கள். எந்த ஆவணம் சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லப் போவதுதான் முதல் தவறு. இரண்டும் உண்மையிலேயே மோதுகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏடிஎக்ஸ்எல்345 முடுக்கமானியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 3ஆம் பின் ரிசர்வ்டு. மின் வழங்கலோடு இணைக்கலாம், அல்லது திறந்தே விடலாம் என்கிறது டேட்டாஷீட். 11ஆம் பின்னும் ரிசர்வ்டுதான். ஆனால் அது கிரவுண்டுக்குப் போகலாம், அல்லது திறந்திருக்கலாம். ஒரு ஸ்கீமாட்டிக்கில் 3ஆம் பின் இணைந்தும் இன்னொன்றில் அந்தரத்திலும் இருந்தால், இரண்டுமே சரி. அட்டவணையை அரைகுறையாகப் படித்தவருக்குத்தான் அது முரண்பாடாகத் தெரியும்.

அடுத்தது, ‘ரிசர்வ்டு’ என்றால் எல்லாம் ஒன்றே என்று நினைப்பது. எம்பியூ-9250 என்ற இயக்க உணரி சிப்பில் மூன்று ரிசர்வ்டு பின்கள் உண்டு. 1ஆம் பின்னை ஐஓ (உள்ளீடு-வெளியீடு) மின்னழுத்தத்தோடு இணைக்க வேண்டும். 20ஆம் பின்னைக் கிரவுண்டு செய்ய வேண்டும். 19ஆம் பின்னைத் தொடவே கூடாது. இவை போக, உள்ளே எதனோடும் இணையாத ‘என்சி’ பின்கள் தனி. அவற்றின் வழியாக டிரேஸ் (போர்டின் செப்புக் கோடு) ஓட்டிக்கொள்ளலாம் என்று டேட்டாஷீட்டே அனுமதிக்கிறது. இந்த இடத்தில் யாராவது பழைய எம்பியூ-6050 சிப்பின் படத்தை அப்படியே நகலெடுத்தால், பயன்படாத கடிகார உள்ளீடு என்று அதில் கிரவுண்டு செய்திருந்த 1ஆம் பின், புதிய போர்டிலும் கிரவுண்டுக்கே போய்விடும்.

‘எதற்கும் கிரவுண்டு செய்துவிடுவோம், பாதுகாப்பு’ என்ற பழக்கத்தையும் விட வேண்டும். வெளியே ரிசர்வ்டு என்று பெயர் போட்டிருந்தாலும், உள்ளே அது தொழிற்சாலைச் சோதனைக்கான வெளியீடாகவோ மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் முனையாகவோ இருக்கலாம். அதற்காக எல்லாவற்றையும் திறந்து விடுவதும் தீர்வாகாது. ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலரின் 19ஆம் பின் தொழிற்சாலைச் சோதனைக்கானது. அதைக் கிரவுண்டு செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தில் இது இன்னும் கடுமை. 100 பின் எல்கியூஎஃப்பி உறையில் (நான்கு பக்கமும் பின்கள் நீளும் சிப் உடல்) எஃப்103-இன் 73ஆம் பின் இணைப்பில்லாதது. எஃப்407-இல் அதே இடத்தில் உள் ரெகுலேட்டருக்கான 2.2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வர வேண்டும். 49ஆம் பின் எஃப்103-இல் கிரவுண்டு. எஃப்407-இல் அதுவும் ரெகுலேட்டர் பின். பழைய படத்தை நம்பினால் சுமார் 1.2 வோல்ட் கோர் மின்னழுத்தம் நேராகக் கிரவுண்டில் ஷார்ட் ஆகும். ‘பின்னுக்குப் பின் பொருந்தும்’ என்ற விளம்பர வரியை நான் இதனால்தான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

ஸ்கீமாட்டிக் பக்கம் நியாயம் இருக்கிற இடங்களும் உண்டு. 16 பிட் அகல 2 ஜிகாபிட் டிடிஆர்3 நினைவகத்தில் ஏ14 முகவரிக்கான இடம் ‘என்சி’. ரெஃபரன்ஸ் படத்தில் அதைக் கன்ட்ரோலர் வரை இழுத்திருப்பார்கள். நாளை 4 ஜிகாபிட் சிப்பை அதே போர்டில் பொருத்த அந்த முகவரி தேவை, அதனால்தான். ஈஎஸ்பி32 டெவ்கிட் போர்டில் இதற்கு நேர் எதிர். ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தோடு இணைந்த ஜிபிஐஓ (பொது உள்ளீடு-வெளியீட்டுப் பின்) 6 முதல் 11 வரை ஹெடரில் வெளியே வந்திருக்கும். வந்திருக்கிறதே என்று எடுத்துப் பயன்படுத்தினால் ஃபிளாஷோடு நடக்கும் பேச்சு கெட்டு, ஃபர்ம்வேர் நின்றுவிடும்.

சரி, உண்மையிலேயே மோதினால்? முதலில் தேதிகளைப் பாருங்கள். ரெஃபரன்ஸ் படம் என்பது ஒரு குறிப்பிட்ட சிலிக்கான் பதிப்பில், ஒரு போர்டு ஓடியது என்பதற்கான சாட்சி மட்டுமே. அதற்குப் பிறகு டேட்டாஷீட் திருத்தப்பட்டிருந்தால், கடைசிப் பக்கங்களில் உள்ள திருத்த வரலாற்றில் அந்தப் பின் பற்றி ஒரு வரி கிடைக்கக்கூடும். ‘முதற்கட்டம்’ என்று அச்சிட்ட டேட்டாஷீட் என்றால் நிலைமை தலைகீழ். படம்தான் புதியதாக இருக்கலாம். அப்புறம் எர்ராட்டா, அதாவது சிப்பின் அறியப்பட்ட பிழைகளின் பட்டியல். பலர் அதைத் திறப்பதே இல்லை.

நிறுவனத்திடம் கேட்பதாக இருந்தால், முழு பார்ட் எண், பின் எண், இரு ஆவணங்களின் பதிப்பு எண்கள் எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். ‘இந்தப் பின்னை என்ன செய்வது’ என்று மொட்டையாகக் கேட்டால், டேட்டாஷீட்டைப் பார்க்கவும் என்றுதான் பதில் வரும்.

பதில் வருவதற்குள் போர்டு போக வேண்டுமென்றால், பின்னை நேரே கிரவுண்டு பரப்பில் புதைக்காமல், இடையில் ஒரு ஜீரோ ஓம் ரெசிஸ்டருக்கு இடம் விடுங்கள். தொடாதே என்று சொன்ன பின் என்றால் பொருத்தாமலே அனுப்பலாம். பிறகு மனம் மாறினால் சால்டரிங் அயர்ன் போதும். கால்களுக்குப் பதில் அடியில் சால்டர் பந்துகள் இருக்கும் பிஜிஏ உறையில், நடுவில் உள்ள பந்துகளுக்கு லேஅவுட்டிலேயே வெளியே இழுத்து வைத்தால்தான் இந்த வழி வேலை செய்யும். ரெசிஸ்டருக்குப் பக்கத்தில், எந்தப் பதிப்பைப் பார்த்து, ஏன் இப்படிச் செய்தோம் என்று ஸ்கீமாட்டிக்கிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்து அந்தப் படத்தை நகலெடுக்கப் போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.