வன்னி றோட்டுக்கு ஏற்ற சைக்கிள் ரயர்: பார்த்து வாங்கும் முறை

ஏ9 வீதியில் மட்டும் ஓடுகிறவருக்கு இந்தப் பதிவு பெரிதாகத் தேவைப்படாது. அளவு சரியாக இருந்தால் எந்த நல்ல ரயரும் அந்தத் தாரில் ஓடும். பிரதான வீதியை விட்டு இறங்கி கிரவல் ஒழுங்கை, வாய்க்கால் கட்டு, வயல் வரம்பு, பற்றைக்காட்டுப் பாதை என்று போகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே ரயருக்கு முதல் எதிரி முள்ளு. வழுக்கலெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சில்லைக் கழற்றவும் ரியூப் ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெடியனைக் கேளுங்கள், அவனுக்குத் தெரியும்.

முதலாவது: எண்ணை வாசியுங்கள்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். "அண்ணை, இருபத்தாறு ரயர் ஒண்டு தாங்கோ" என்று கடையில் கேட்டால் கையில் வருவது உங்கள் சில்லுக்குப் பொருந்தாத ரயராக இருக்கலாம். பிழை கடைக்காரரில் இல்லை. 26 என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் இருக்கின்றன.

பழைய ரயரின் பக்கச் சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெயிலுக்குச் சற்றுச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் சிறு கோடு போட்ட இரண்டு எண்கள் புடைப்பாகத் தெரியும். உதாரணமாக 37-590. முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது எண் ரயர் றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். கடையில் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

நம் பக்கத்தில் அதிகம் காண்பவை இவை. கம்பி பிரேக் உள்ள பழைய பெரிய ஆம்பிளைச் சைக்கிளுக்கு வழமையாக 28 x 1 1/2, அதாவது 635. லேடீஸ் சைக்கிள் பலவற்றுக்கு 26 x 1 3/8, அது 590. மவுண்டன் சைக்கிளுக்கு 26 x 1.95 அல்லது 26 x 2.125, இரண்டும் 559. லேடீஸ் சைக்கிள் ரயரும் மவுண்டன் ரயரும் பெயரில் 26தான், விட்டத்தில் 31 மில்லிமீற்றர் வித்தியாசம். எவ்வளவு நெம்பினாலும் ஒன்று மற்றதில் ஏறி உட்காராது.

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. 26 x 1 3/4 என்றும் 26 x 1.75 என்றும் எழுதிய இரண்டு ரயர்கள். கணக்குப் பாடத்தில் இரண்டும் ஒன்றே. றிம்மில் முதலாவது 571, இரண்டாவது 559. பின்னமாக எழுதிய ரயரும் தசமமாக எழுதிய ரயரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 28 இலும் இதே சிக்கல்தான்: 28 x 1 1/2 என்பது 635, 28 x 1 5/8 x 1 3/8 என்பது 622. வெளிநாட்டு ரேசிங் சைக்கிளில் 700 என்று எழுதியிருப்பதும், 29 என்று விற்கும் மவுண்டன் சைக்கிளில் இருப்பதும் இந்த 622தான்.

ஜேர்மனியிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் மாமாவிடம் ரயர் சொல்லிவிடுகிறவர்கள் பெயரைச் சொல்லாமல் எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். அங்கிருந்து வந்து பொருந்தாமல் போன ரயரைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

எண் தேய்ந்து போயிருந்தால் றிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். சிலவற்றில் அங்கே அடித்திருப்பார்கள். அதுவும் இல்லையா, சில்லைக் கழற்றிக் கடைக்கே கொண்டு போங்கள்.

இரண்டாவது: எங்கே ஓடப் போகிறீர்கள்?

கடையில் நிற்கிறவர் கண் முதலில் போவது பெரிய கட்டை கட்டையான பல் வைத்த ரயருக்குத்தான். பார்க்க உறுதியாக இருக்கும். அதைத் திருப்பி, இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் பெருவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். ரயரில் றப்பர் மிக மெல்லிசாக இருப்பது அந்தப் பள்ளத்தில்தான். நெருஞ்சி முள்ளும் அதற்குள்ளேதான் போகும். நெருஞ்சிக் காய் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும். துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி கிடக்கும். சிறுபோகம் முடிந்த வயற்கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாலே போதும், பொறுக்கிக்கொண்டு வந்துவிடும்.

அதனால் என் தெரிவு, நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே பட்டியாக ஓடும் தடித்த றப்பரும் இரண்டு ஓரத்தில் சின்னப் பற்களும் உள்ள ரயர். தாரில் நடுப்பட்டி ஓடும், சத்தம் குறைவு, மிதிக்கவும் இலகு. கிரவலில் திரும்பும்போது ஓரப் பற்கள் பிடிக்கும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் தாரும் கிரவலும் கலந்து ஓடுகிறவர்களுக்கு மவுண்டன் சைக்கிள் என்றால் 1.75 அல்லது 1.95 அகலம் போதும்.

தார் றோட்டில் மழைக்கு வழுக்கும், ஆகவே பல் வேண்டும் என்று சொல்வார்கள். தேவையில்லை. சைக்கிள் ஓடும் வேகத்தில் ரயர் தண்ணீரில் மிதக்காது. அங்கே பிடிமானத்தைத் தருவது றப்பரின் தன்மையும் காற்றின் அளவும். மழைக்குச் சைக்கிள் நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் ரயரில் குற்றமில்லை. மினுங்குகிற இரும்பு றிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காது, அவ்வளவுதான். ரயரை மாற்றிவிட்டுப் பழைய வேகத்திலேயே போகாதீர்கள்.

மாரியில் சேற்றுக்குள் ஓடுகிறவர் மட்டும் பல் ரயர் போடலாம், பற்கள் நெருக்கமாக இல்லாமல் இடைவெளி விட்டு இருந்தால். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிக்கு எந்த ரயரும் சரிவராது. மட்காட்டுக்குள் களி அடைத்துச் சில்லே சுற்றாது. அங்கே இறங்கி உருட்டுவதுதான் முறை.

மூன்றாவது: உழைக்குமா?

பக்கச் சுவரை மடித்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புத் தெரிந்தால் அந்த ரயர் கடையிலேயே கிடந்து வெயில் குடித்திருக்கிறது, வேண்டாம். டிஎஸ்ஐ போன்ற உள்ளூர் ரயர்கள் நம் பாவனைக்குத் தாராளம். முள் பாதுகாப்புக்கு என்றே செய்த வெளிநாட்டு ரயர்களில் ஷ்வால்பே மரதன் பிளஸ் பெயர் பெற்றது. உள்ளே 5 மில்லிமீற்றர் தடிப்பில் றப்பர் படை வைத்திருக்கிறார்கள். பாரம் அதிகம், விலையும் அதிகம். நாளாந்தம் தூர ஓட்டம் உள்ளவர் யாரையாவது கொண்டு எடுப்பிக்கலாம். வயலுக்கும் சங்கக்கடைக்கும் போய்வர அது வேண்டியதில்லை.

பின் சில்லில்தான் பாரம். கரியரில் நெல் மூட்டையும் ஏறினால் சொல்லவே வேண்டாம். பின் ரயர் முதலில் தேயும். தேய்ந்ததும் முன் ரயரைப் பின்னுக்குப் போட்டு, புதியதை முன்னுக்குப் போடுங்கள். முன் சில்லு வழுக்கினால் ஆள் விழுவது நிச்சயம். பின் சில்லு வழுக்கினால் சமாளிக்கலாம்.

பழைய ரயரின் கம்பி ஓரங்களை வெட்டியெடுத்துவிட்டு, நடுப்பகுதியைப் புது ரயருக்குள் வைத்து ஓடும் வழக்கம் இங்கே பலருக்குத் தெரியும். நல்ல வேலைதான். ஆனால் வெட்டிய நுனிகளைக் கத்தியால் சரித்துச் சீவிவிடுங்கள். சீவாவிட்டால் அந்த விளிம்பே உரசி உரசி ரியூப்பை ஓட்டையாக்கும்.

நான்காவது: பூட்டுவதற்கு முன்

பழைய ரயரையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் உள்ளே கிடக்கும் முள்ளை எடுக்காமல் பூட்டாதீர்கள். ஒட்டின ரியூப் அடுத்த நாளே காற்றுப் போவதற்கு அதிகமும் காரணம் அதுதான். வெறும் விரலால் தடவாதீர்கள், குத்தும். பழைய பருத்திச் சீலைத் துண்டு ஒன்றைச் சுருட்டி உள்பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டு வாருங்கள். உடை மரத்து முள்ளின் நுனி ஒடிந்து உள்ளே நின்றால் கண்ணுக்குத் தெரியாது, நூல் சிக்கும். சிக்கின இடத்தில் ரயரை வெளிப்பக்கம் புரட்டி, நகம் வெட்டியால் பிடித்து இழுங்கள்.

பூட்டும்போது ரயரில் உள்ள பெயர் எழுத்து வால்வுக்கு நேரே வரட்டும். அடுத்த முறை ரியூப்பில் ஓட்டை கண்டால், ரயரில் எந்த இடத்தில் முள் நிற்கிறது என்று அளந்து பிடிக்கலாம்.

ஐந்தாவது: காற்று

ரயரில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டாதீர்கள். 28 x 1 1/2 க்கு 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அளவில், மவுண்டன் ரயருக்கு 35 முதல் 50 வரை போதும். வெயிலுக்கு வெடிக்கும் என்று பயந்து பாதிக் காற்றோடு ஓடுகிறவர்கள் அதிகம். 30 பாகை செல்சியஸில் 50 பிஎஸ்ஐ அடித்த ரயர் 50 பாகைக்குச் சூடேறினாலும் சுமார் 54 பிஎஸ்ஐதான் ஆகும். காற்றுக் குறைவாக ஓடினால்தான் ஆபத்து: கல்லில் ஏறும்போது றிம் ரியூப்பை நசுக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் இல்லை, இந்த நசுக்கல்தான்.

பிற்சேர்க்கை: புது ரயர் போட்டும் கிழமைக்கொரு தடவை காற்றுப் போகிறது என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். ஓட்டை ரியூப்பின் எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொன்னேன். றிம் பக்கம் என்றார். அப்படியென்றால் ரயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில்லுக் கம்பியின் நுனி றிம்முக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், அல்லது அதை மூடும் றப்பர் பட்டி விலகியிருக்கும். நுனியை அரத்தால் ராவிவிட்டுப் புதுப் பட்டி போடுங்கள். பட்டி கிடைக்காவிட்டால் பழைய ரியூப்பை நீளமாக வெட்டிச் சுற்றலாம், வால்வுக்கு மட்டும் ஒரு துளை விட்டு.