8,75,39,319: மூன்று கனக் கூட்டல்களையும் கையால் கண்டுபிடிக்கும் முறை

இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டி மூன்று விதமாகப் பெறக்கூடிய எண்களில் மிகச் சிறியது 8,75,39,319. கணிதவியலாளர் ஜான் லீச் 1957-ல் இதைக் கண்டறிந்தார். அந்த மூன்று ஜோடிகளையும் தேட 1-லிருந்து 444 வரை ஒவ்வொரு கனமாகக் கழித்துப் பார்க்க வேண்டாம். காரணிப்படுத்தினாலே வேலை முக்கால்வாசி முடிந்துவிடும்.

இலக்கங்களின் கூடுதல் 45, ஆகவே 9-ஆல் வகுபடும்: ஈவு 97,26,591. அதன் இலக்கக் கூடுதல் 39, இன்னொரு 3 போகும்: 32,42,197. அடுத்து 7: 4,63,171. பிறகு 31 வரை எந்தப் பகா எண்ணும் வகுக்காது. 31-ஆல் வகுத்தால் 14,941; அது 67 × 223. ஆக, எண் = 3³ × 7 × 31 × 67 × 223. வகுத்திகள் 4×2×2×2×2 = 64.

தேடும் எண்கள் அ, ஆ என்க. கூடுதல் கூ, பெருக்கற்பலன் பெ. அ³ + ஆ³ = கூ × (கூ² − 3பெ). எனவே கூ இந்த 64 வகுத்திகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதோடு கூ³ நம் எண்ணைவிடப் பெரிது, அதன் நான்கு மடங்கைத் தாண்டாது. அதாவது கூ 445-க்கும் 704-க்கும் இடையில்.

இந்த எல்லைக்குள் நான்கு வகுத்திகள்: 469, 603, 651, 669. பலர் 469-ஐயும் கணக்குப் போட்டு நேரத்தை வீணாக்குவார்கள். எந்த முழு எண்ணையும் அதன் கனத்தையும் 6-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதிதான் வரும். ஆகவே கூ-வின் மீதியும் நம் எண்ணின் மீதியான 3-ஆகவே இருக்க வேண்டும். 469-க்கு மீதி 1. அது விலகுகிறது.

இனி 603. எண்ணை 603-ஆல் வகுக்க 1,45,173. 603² = 3,63,609. வித்தியாசம் 2,18,436, மூன்றில் ஒரு பங்கு 72,812, இதுதான் பெ. கூ² − 4பெ = 72,361 = 269². (603 ± 269) ÷ 2 என்றால் 436, 167. சரிபார்க்க: 8,28,81,856 + 46,57,463 = 8,75,39,319.

அதே வழியில் 651-க்கு 38,025 = 195², விடை 423, 228. 669-க்கு 25,281 = 159², விடை 414, 255. கடைசியில் வருவது முழு வர்க்கமாக இல்லாவிட்டால் அந்தக் கூ-வைக் கைவிட வேண்டும். இங்கே மூன்றுமே தேறுவதுதான் இந்த எண்ணின் அழகு. வேறு கூ மிச்சமில்லாததால் நான்காவது வழி இல்லை என்பதும் கூடவே நிரூபணமாகிறது.

அதிகம் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, வித்தியாசத்தை 3-ஆல் வகுக்க மறப்பது. மற்றொன்று, குறை எண்களையும் அனுமதித்துவிட்டு 445 என்ற கீழ் எல்லையை அப்படியே வைத்திருப்பது. குறை எண் வந்தால் பெ-யும் குறையாகும், கூ³ நம் எண்ணைவிடச் சிறிதாகிவிடும். அப்போது 3, 9, 21, 27, 63, 93, 189, 201, 279 ஆகிய ஒன்பது வகுத்திகளையும் சோதித்தாக வேண்டும்.