தள்ளுபடிக் கடைக்கு நல்ல கத்தி கொடுக்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிமுனையில் முப்பது வருடமாகக் கத்தி விற்கும் அண்ணாச்சி ஒருவர், வாடிக்கையாளரிடம் விலையைக் கடைசியில்தான் சொல்வார். முதலில் மடக்குக்கத்தியைக் கையில் கொடுத்து விரிக்கச் சொல்வார். பூட்டு விழும் ‘டக்’ என்ற சத்தத்தைக் கேட்கவைப்பார். பழைய செய்தித்தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு, மறுகையால் ஓரத்திலிருந்து நூல் நூலாகச் சீவிக் காட்டுவார். அப்புறம்தான் 1,850 ரூபாய் என்பார். பலரும் வாங்கிப் போவார்கள்.

ஒரு நாள், சீவிய காகிதம் தரையில் கிடக்கும்போதே ஒருவர் சொன்னாராம்: “இதே கத்தி தி.நகரில் 1,299.” அண்ணாச்சி கத்தியை மடக்கி உள்ளே வைத்துவிட்டார். அவருக்குச் சரக்கு கொடுக்கும் எனக்கு மறுநாள் போன் வந்தது: “மீதிச் சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி.”

அந்தத் தி.நகர் தள்ளுபடிக் கடைக்கும் சரக்கு கொடுத்தவன் நான்தான். மாதம் இருபது கத்தி போகும் இடத்தில் ஒரே ஆர்டரில் முந்நூறு என்றதும் கண் மங்கிவிட்டது. ஒரே மாடல், ஒரே நம்பர், ஒரே பெட்டியை இரண்டு இடத்துக்கும் அனுப்பினேன். முதல் தவறு அது. அண்ணாச்சி செலவழிக்கும் பத்து நிமிடத்துக்கான கூலி இரண்டு விலைக்கும் நடுவே உள்ள அந்த 551 ரூபாயில்தான் இருக்கிறது. அவர் விளக்குவார், வேறொருவர் விற்பார் என்றால் எத்தனை நாள் விளக்குவார்? தள்ளுபடிக் கடைக்குக் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வேறு மாடல், வேறு பிடி, முடிந்தால் வேறு பெயரில் கொடுங்கள்.

இந்தத் தொந்தரவு சட்டைக்கோ அரிசிக்கோ இவ்வளவு இல்லை. துணியைத் தடவிப் பார்க்கலாம்; அரிசி ஒரு உலையில் தெரிந்துவிடும். கத்தியின் தரம் எஃகுக்குள்ளும், சூடாக்கிக் குளிரவைத்து அதற்கு ஏற்றிய பதத்திலும் ஒளிந்திருக்கிறது. கூரை நிற்கவைக்க உதவும் கார்பன், மலிவுக் கத்திகளில் வரும் 3சிஆர்13 எஃகில் சுமார் 0.3 சதவீதம், நடுத்தரக் கத்திகளில் வரும் 8சிஆர்13எம்ஓவி எஃகில் சுமார் 0.8 சதவீதம். இரண்டுக்கும் மெருகு போட்டு அலமாரியில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. நாலைந்து அட்டைப்பெட்டி கிழித்த பிறகுதான் ஒன்று மழுங்கியும் மற்றது கூராகவும் நிற்கும். அதுவரை வாங்குகிறவருக்குத் துணை பெயரும் விலையும்தான். விலை சரிந்தால் பெயரும் கூடவே சரிகிறது.

இதைவிடப் பெரிய தவறை நான் மயிரிழையில் தவிர்த்தேன். அடுத்த ஆர்டருக்கு அந்தக் கடையின் கொள்முதல் அதிகாரி இன்னும் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார். “வெளியே தெரியாத இடத்தில் குறைத்துக்கொள்ளுங்களேன்” என்றார். கத்தியில் வெளியே தெரியாத இடம் எஃகு ஒன்றுதான். பெயரை வைத்துக்கொண்டு எஃகை இறக்குவது, விதைநெல்லை விற்றுத் தின்பதற்குச் சமம். அமெரிக்காவில் ஷ்ரேட் என்ற பழைய கத்திக் கம்பெனியின் பெயருக்கு நடந்ததைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் எலன்வில்லில் இருந்த ஆலை 2004-இல் மூடப்பட்டது. பெயரை வேறு நிறுவனம் வாங்கிச் சீனாவில் செய்த கத்திகளில் பொறித்தது. இன்றும் சேகரிப்பாளர்கள் அலகின் அடியில் அமெரிக்க முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள்.

காட்சிக்கு வைக்கும் விதத்திலும் கோட்டை விடுகிறோம். தி.நகர் கடையில் என் கத்தி, காய்கறித் தோல் சீவிக்கும் எரிவாயு லைட்டருக்கும் நடுவே, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது. திறந்து பார்க்க வழியில்லை. அந்த உறையை வெட்டவே ஒரு கத்தி வேண்டும்! இன்னொரு வகையைத் திறந்தே வைத்திருந்தார்கள். அது எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. ஐப்பசி மழையில், கடல்காற்று வரும் இந்த ஊரில், எண்ணெய் தடவாத கார்பன் எஃகைப் பத்துப் பேர் தொட்டால் என்ன ஆகும்? கட்டைவிரல் ரேகை அப்படியே பழுப்பாக அலகில் பதிந்திருந்தது. அதைப் பார்த்தவர் கடையைக் குறை சொல்ல மாட்டார், “இந்தக் கம்பெனிக் கத்தி துருப்பிடிக்கும்” என்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட கடைக்குத் துருப்பிடிக்காத எஃகை மட்டும் கொடுங்கள்.

எம்.ஆர்.பி.யை 3,999 என்று அச்சடித்துக் கோடு போட்டு 1,299 என்று எழுதும் வித்தையை ஆடி மாதத் தள்ளுபடி பார்த்துப் பழகிய சென்னைக்காரரிடம் காட்டாதீர்கள். விளம்பரத் தாளில் ‘தற்காப்புக்கு’ என்று போடவும் விடாதீர்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றித்தான் ஆயுத விதிகள் பேசுகின்றன, அதிலும் வீட்டு உபயோகக் கத்திக்கு விலக்கு உண்டு. நம் மடக்குக்கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் பழம் நறுக்கும் பொருளை ஆயுதமாகப் பேசவைத்தால் குடும்பத்தோடு வருகிறவர் தள்ளிப் போவார்.

சூடுபட்ட பிறகு சிலர் எதிர்ப்பக்கம் பாய்கிறார்கள்: “இந்த விலைக்குக் கீழே விற்றால் சரக்கு கிடையாது, அபராதம்” என்று கடைக்காரர்களை மிரட்டுகிறார்கள். மறுவிற்பனை விலையை இப்படிக் கட்டிப்போட்டுப் போட்டியைக் கெடுத்தால் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் குறுக்கே வரும். டீலர்கள் தரும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதாக மாருதி சுசூகிக்குப் போட்டி ஆணையம் 2021-இல் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. யாருக்கு எந்த மாடல் கொடுப்பது என்று ஆரம்பத்திலேயே யோசிப்பது நல்லது. ஒப்பந்தத்தில் விலை பற்றி ஒரு வரி எழுதுவதானாலும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

விற்றபின் கவனிக்க ஆள் இல்லாததும் பெயரைக் கெடுக்கிறது. 1884-இல் தொடங்கிய சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸ், மூலப்பொருளிலோ செய்நேர்த்தியிலோ உள்ள குறைகளுக்கு ஆயுள் உத்தரவாதம் தருகிறது. நம்மால் அவ்வளவு முடியாது. ஆனால் அண்ணாச்சி தன் கடையில் விற்ற கத்திக்கு முதல் சாணை இலவசமாகப் பிடித்துத் தருகிறார். தள்ளுபடிக் கடையில் ‘பில் போட்டபின் பொறுப்பல்ல’ என்ற அட்டை தொங்குகிறது. பிறகு மழுங்கிய கத்தி தெருவில் வரும் சாணைக்காரரிடம் போகிறது. தீப்பொறி பறக்க அவர் சக்கரத்தில் வைத்தால், சூடேறி வெட்டும் விளிம்பின் பதமே இறங்கிவிடும். அந்தக் கெட்ட பெயரும் நமக்குத்தான்.

தி.நகரில் விற்காமல் இருந்த 112 கத்திகளை நஷ்டத்துக்குத் திரும்ப எடுத்தேன். அங்கே இப்போது வேறு பெயரில், பிளாஸ்டிக் பிடி போட்ட, பழம் நறுக்கும் கத்தி போகிறது, நன்றாகவே போகிறது. அண்ணாச்சி எட்டு மாதம் கழித்து மறுபடி சரக்கு எடுத்தார். 1,299 என்று சொன்ன அந்த வாடிக்கையாளர் கடைசியில் எங்கே வாங்கினார் என்று கேட்டேன். “வாங்கவே இல்லை தம்பி. 999 ஆகட்டும் என்று காத்திருக்கிறாராம்.” இப்போதெல்லாம் பெட்டியின் கயிற்றை அறுக்கும் முன் அண்ணாச்சி ஒன்று கேட்கிறார்: “தி.நகருக்கு எந்த நம்பர் போயிருக்கிறது?”